எங்கள் கடல் அப்படித்தான்

ஞாயிற்றுக்கிழமை இரண்டாம் பூசை முடிந்த கையோடு படகுகளுக்கு மூளை மாற்றுவது என்று மிக்கேல்துறை மீனவர் சங்கம் முடிவு செய்திருந்தது. வேறு கிழமை தோதுப்படாது. ஞாயிறன்று கடலுக்குப் போனால் வலையில் மீன் விழாது, தலையில் பழிதான் விழும் என்பது அந்தக் கரையின் நம்பிக்கை. அறுபத்தெட்டுப் படகும் ஒன்றுவிடாமல் கரையில் நிற்கும் நாள் அது ஒன்றுதான்.

சங்கச் செயலாளர் கசில்டா பூசைக்குக் கட்டிய சேலையை மாற்றக்கூட நேரமில்லாமல், கைத்திரையை இடுப்பில் செருகிக்கொண்டு படகு படகாக ஏறி இறங்கினாள். ஒவ்வொரு படகின் அடிப்பலகையிலும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கறுப்புத் தகடு பதிந்திருந்தது. அதுதான் கடற்செவி. அதற்குள் இருந்த பழைய மென்பொருளை அழித்துவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். ஒரு படகுக்கு ஐந்து நிமிடம் பிடித்தது. சாயங்காலம் ஜெபமாலை மணி அடிப்பதற்குள் கடைசிப் படகான ‘சம்மனசு’ வரைக்கும் முடித்துவிட்டாள். சம்மனசு அவள் புருஷன் இனிகோவின் படகு.

கடல் சூடேறிய பிறகு வந்து சேர்ந்த சனியனுக்குக் குமுறல் என்று பெயர். மேல்நீரும் அடிநீரும் ஒன்றையொன்று உரசி நழுவ, வெயில் காயும் நடுப்பகலில், காற்றே இல்லாமல், கடல் ஒரு தென்னை உயரத்துக்கு எழும்பும். பத்து நிமிடத்தில் ஒன்றுமே நடக்காததுபோல அடங்கியும்விடும். வானத்துச் செயற்கைக்கோள்களுக்கு அது தெரியாது. ஆனால் அரைமணி முன்பே நீருக்கடியில் ஓர் உறுமல் கிளம்பும். மனிதக் காதுக்கு எட்டாத அந்த உறுமல் கடற்செவிக்குக் கேட்கும். ஒரே ஒரு படகு கேட்டால் ‘வருகிறது’ என்று மட்டும்தான் தெரியும். எங்கே வருகிறது என்று தெரிய வேண்டுமானால், பல படகுகள் கேட்டதையும் அவை எந்தெந்த இடத்திலிருந்து கேட்டன என்பதையும் சேர்த்துக் கணிக்க வேண்டும். அதைக் கணிப்பதுதான் மூளை. கணித்து முடித்ததும் ஒவ்வொரு படகின் திரையிலும் ஒரு சிவப்பு வட்டம் விழும். வட்டத்தைவிட்டு விலகி ஓடியவர்கள் வீட்டுக்கு வந்து சோறு தின்பார்கள்.

அதுநாள்வரை அந்த மூளை நீலவாணி என்ற நிறுவனத்துடையது. வயிற்றெரிச்சலில் பொய் சொல்லக் கூடாது. நீலவாணி இருந்த ஐந்து வருடத்தில் மிக்கேல்துறையில் குமுறலால் ஒரு சாவுகூட இல்லை. ஏதாவது கோளாறென்றால் அதன் அலுவலர் தீனதயாளன் அடைமழையிலும் வண்டியை எடுத்துக்கொண்டு வந்து நிற்பார். ஆனால் போன சித்திரையில் ‘பராமரிப்பு’ என்று சொல்லி ஆறு மணி நேரம் எல்லாத் திரைகளையும் நிறுத்திவிட்டார்கள். நடுக்கடலில் இருந்த முப்பது படகும் செவிடாகித் தடுமாறிக் கரை வந்தன. பழைய தகடுகளுக்கு இனி உதவி கிடையாது, புதியதை மாட்டிக்கொள்ளுங்கள் என்று அடுத்த மாதமே கடிதம் வந்தது. இதற்கெல்லாம் மேலே ஒன்று நடந்தது. இந்த ஊர்க்காரர்கள் மட்டுமே அறிந்த மீன் இடங்களில் திடீரென்று பெருங்கப்பல்கள் வந்து நங்கூரம் போட ஆரம்பித்தன. படகு நின்ற இடங்களையெல்லாம் நீலவாணி யாருக்கோ சொல்லிக்கொடுத்திருக்கிறது என்று ஊரே கொதித்தது.

அப்போதுதான் கசில்டா ‘பொதுச்செவி’யைப் பற்றிப் பேச்செடுத்தாள். அதுவும் அதே வேலையைச் செய்கிற மூளைதான். ஆனால் கட்டற்ற மென்பொருள். அதன் நிரலை யாரும் திறந்து பார்க்கலாம், மாற்றலாம், கேட்காமலே எடுத்துக்கொள்ளலாம். விற்பவர் இல்லை, முதலாளி இல்லை. உலகம் முழுக்க இருநூற்றுச் சொச்சம் மீனவக் கரைகள் அதைச் சேர்ந்து வளர்த்து வந்தன. கல்யாணத்துக்கு முன்பு துறைமுகத்தில் பத்து வருடம் கணினி வேலை பார்த்த கசில்டா, நிரலை வரிவரியாகப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் சிபாரிசு செய்தாள்.

சங்கக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். தீனதயாளனும் அழைக்காமலே வந்து பின்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அவர் ஒன்றும் கெட்ட மனிதர் இல்லை. கடைசியில் எழுந்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

“எங்க மேல கோபம் இருக்கட்டும் மேடம். திட்டுறதுக்காவது நான் ஒருத்தன் இருக்கேன். அதுல கோளாறு வந்தா யார் சட்டையைப் பிடிப்பீங்க?”

தெரியாத தேவதையைவிடத் தெரிந்த பிசாசு மேல் என்று யாரோ முணுமுணுத்தார்கள். கசில்டாவுக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் கேள்வி நியாயமான கேள்வி. விட்டுக்கொடுக்காமல் எழுந்தாள்.

“இவுக மூளைக்குள்ள என்ன ஓடுதுன்னு நமக்குத் தெரியாது. இதைத் தொறந்து பாக்கலாம். கெட்டா நாமளே சரி பண்ணலாம். நமக்குத் தோதா மாத்திக்கிடவும் செய்யலாம்.”

கடைசி வார்த்தையைத் தொம்மை பிடித்துக்கொண்டார். அறுபத்திரண்டு வயது, ஊரிலேயே அதிக மீன் கொண்டுவரும் படகு அவருடையது. அவர் எந்தப் பக்கம் கை தூக்குகிறாரோ அந்தப் பக்கம் பாதி ஊர் தூக்கும்.

“அப்ப ஒண்ணு மாத்திக் குடு பிள்ள,” என்றார். “எம் படகு நிக்குத எடம் எவன் கண்ணுலயும் படப்பிடாது.”

இதை வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் விளக்க வேண்டும். கடலுக்கடியில் கிடக்கிற பாறைத் திட்டுக்குப் பார் என்று பெயர். மீன் குடியிருக்கும் இடம் அது. மிக்கேல்துறையில் குடும்பத்துக்கு ஒரு பார் உண்டு. அப்பன் சாகும் காலத்தில் மகன் காதில் சொல்லிவிட்டுப் போவான். மருமகனுக்குக்கூடச் சொல்ல மாட்டார்கள். பாருக்குப் போகிற வழியில் வேறு படகு கண்ணில் பட்டால், வலையைத் தொடாமல், சும்மா அந்தப் பக்கம் போகிறவனைப்போல பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தாண்டிப் போய்விடுவார்கள். பொதுச்செவியிலோ எல்லாப் படகின் பதிவும் எல்லாருக்கும் தெரியும். அதனால்தான் அதற்குப் பெயரே பொது. நீலவாணி திருட்டுத்தனமாகச் செய்ததை இது பகிரங்கமாகச் செய்யும் என்று தொம்மை நினைத்ததில் தப்பு சொல்ல முடியாது.

வாக்கெடுப்பு தோற்றுவிடும் என்று கசில்டாவுக்குத் தெரிந்தது. சரி, செய்துதருகிறேன் என்று சொல்லிவிட்டாள். எல்லாக் கைகளும் உயர்ந்தன.

அவள் எழுதியது ஏழே வரி. அதற்குத் தள்ளல் என்று பெயர் வைத்தாள். படகு நிற்கும் இடத்தை இரண்டு மைல் தள்ளிக் காட்டும். எந்தத் திசையில் தள்ளுவது என்பதைப் படகுக்காரரே தன் திரையில் விரலால் ஒரு வளையத்தைச் சுழற்றி வைத்துக்கொள்ளலாம். அது அவருக்கு மட்டுமே தெரியும். செயலாளருக்கும் தெரியாது, பெண்டாட்டிக்கும் தெரியாது. ஏன் இரண்டு மைல் என்றால், பொதுச்செவியின் கையேட்டிலேயே ‘கணிப்பில் பிழை: இரண்டு மைல். காரணம்: கடலின் இயல்பு’ என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. ஏற்கெனவே இரண்டு மைல் முன்னேபின்னே இருக்கிற சங்கதியில் இதனால் என்ன குடி முழுகிவிடும் என்று அவள் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

பொதுச்செவிக்காரர்கள் கைமாறாக எதுவும் கேட்பதில்லை, ஒரே ஒரு வழக்கத்தைத் தவிர. யார் எதை மாற்றினாலும் பொதுப் பதிவேட்டில் எழுத வேண்டும். இன்னொரு கரைக்காரர் அதைப் படித்துப் பார்த்துச் சரியென்று சொல்ல வேண்டும். கசில்டா எழுதவில்லை. எழுதினால் தள்ளல் இருக்கிறது என்று ஊருலகத்துக்கே தெரிந்துவிடும், அப்புறம் தள்ளி என்ன பயன்? நல்ல பெண்தான், ஊருக்கு நல்லது நினைத்துத்தான் செய்தாள். ஆனாலும் செய்தது ஒளித்துவைத்த காரியம், அது அவளுக்கு நெஞ்சில் ஒரு முள்ளாக இருந்தது.

மூன்று மாதம் எல்லாம் நன்றாகவே போயிற்று. சந்தேகம் கேட்டால் பத்து நிமிடத்தில் உலகத்தின் ஏதோ ஒரு மூலையிலிருந்து பதில் வந்தது. தீனதயாளன் மழையில் வந்ததைவிட அது வேகம். பதில் சொல்பவர்களில் கசில்டாவுக்கு நெருக்கமானவள் சிக்ரித். நார்வேயின் வடக்கே ஒரு மீனவக் கிராமத்தில் இருந்தாள். கணிப்பு நிரலுக்குப் பதினான்கு வருடமாக அவள்தான் பராமரிப்பாளர், சம்பளமில்லாத வேலை. பெயர்ப்பி என்கிற மொழிமாற்றி வழியாக வருவதால் அவள் தமிழ் எப்போதும் பள்ளிக்கூடப் புத்தகம்போல இருக்கும். கசில்டா அதைப் படித்துச் சிரிப்பாள், ஆனாலும் சிக்ரித்தை அவளுக்குப் பிடிக்கும்.

ஐப்பசியில் சிக்ரித்திடமிருந்து ஒரு கடிதம் வந்தது. “அன்புடைய கசில்டா அம்மையாருக்கு வணக்கம். தங்கள் கரையோரக் கடல் மட்டும் எமக்கு மிகவும் கலங்கலாகத் தெரிகிறது. செவிகளில் பழுது உண்டோ? அன்றி ஏதேனும் மாற்றம் செய்துள்ளீர்களோ?”

கசில்டாவுக்குப் போன மாதத்துச் சங்கதி நினைவுக்கு வந்தது. இரண்டு குமுறல்கள் சிவப்பு வட்டத்துக்குக் கொஞ்சம் வெளியே எழுந்திருந்தன. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. மென்பொருளென்றால் முன்னேபின்னேதான் இருக்கும் என்று ஆண்கள் தோளைக் குலுக்கிவிட்டுப் போனார்கள். இப்போது உண்மையைச் சொன்னால் ஊரைக் காட்டிக்கொடுத்ததாகும். அவள் பதில் எழுதினாள்: ‘பழுது ஒன்றுமில்லை. எங்கள் கடல் அப்படித்தான்.’

பதினோரு நாள் கழித்து, ஒரு வியாழக்கிழமை, பகல் பன்னிரண்டரைக்குச் சங்கத்துத் திரையில் சிவப்பு வட்டம் விழுந்தது. முப்பத்தொரு படகு கடலில் இருந்தன. வட்டம் கிழக்கே விழுந்ததால் எல்லாரும் மேற்கே ஓடினார்கள். கசில்டா ஒயர்லெஸ் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொருவராகக் கூப்பிட்டாள். ஒவ்வொருவராகப் பதில் சொன்னார்கள். ஒரு மணிக்குக் குமுறல் எழுந்தது. வட்டத்தில் இல்லை, மேற்கே. இனிகோவும் இரண்டு ஆட்களும் போயிருந்த சம்மனசு பதில் சொல்லவில்லை.

அடுத்த நிமிடம் சம்மனசின் அபாய ஒலி வந்தது. படகு கவிழ்ந்தால் தகடு தானாகவே அனுப்பும் ஒலி அது. இடமும் சேர்ந்து வந்தது. மீட்புப் பறவை என்ற ஆளில்லா விமானம் பதினைந்து நிமிடத்தில் அங்கே போய்விட்டது. குமுறல் அடங்கிய கடல் ஒரு மணி நேரம் சோப்புநுரைபோல வெளுத்துக் கிடக்கும். அதில் ஒரு மனிதத் தலையைக் கண்டுபிடிக்கப் பறவை தாழப் பறந்து அங்குலம் அங்குலமாகத் தேட வேண்டும். தேடியது. அந்த இடத்தில் படகும் இல்லை, பலகையும் இல்லை.

கசில்டாவுக்கு அப்போதுதான் உறைத்தது. தள்ளலை அவள் நிரலின் ஆக அடியில், செயற்கைக்கோளிடமிருந்து இடத்தை வாங்குகிற வரிக்குப் பக்கத்திலேயே எழுதியிருந்தாள். எழுதுவதற்கு அதுதான் சுலபம். அங்கே மாறினால் மேலே எல்லாமே மாறும். மீன் பதிவு மாறும், குமுறல் கணிப்பு மாறும், அபாய ஒலியும் மாறும். இனிகோ அந்த இடத்திலிருந்து இரண்டு மைல் தள்ளி எங்கோ மிதக்கிறான். எந்தத் திசையில் என்று அவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் தப்பி ஓடிய வட்டமே தப்பான வட்டம். முப்பத்தொரு பொய்யை வைத்துக் கணித்த வட்டம். தன் கையால் எழுதிய ஏழு வரி தன் புருஷனைக் குமுறலின் வாய்க்குள்ளேயே ஓட்டிவிட்டிருக்கிறது என்று அவளுக்குப் புரிந்தது.

பறவையில் இன்னும் நாற்பது நிமிடத்துக்குத்தான் மின்சாரம் இருந்தது. அதற்குள் இரண்டு மைல் ஆரத்தில் ஒரு வளையம் முழுக்கத் தேட முடியாது. கைத்திரையை எடுத்துச் சிக்ரித்துக்கு எழுதினாள். எதையும் மறைக்கவில்லை. பதில் உடனே வந்தது. கவிழ்ந்த படகின் தகடு நிமிடத்துக்கு ஒருமுறை நீருக்குள் தட்டிக்கொண்டே இருக்கும், சுற்றியுள்ள படகுகளின் செவிகள் அதைக் கேட்கும், அந்தப் படகுகள் உண்மையில் எங்கே நிற்கின்றன என்று தெரிந்தால் தட்டுகிற இடத்தைத் தானே கணித்துத் தருவதாகச் சொன்னாள்.

உண்மையில் எங்கே நிற்கின்றன என்பதுதானே ஊரின் ரகசியம்! தள்ளலை நிறுத்தினால் புள்ளி குதிக்கும். குதித்த திசையைப் பார்த்தால் மூன்று மாதப் பதிவும் அவிழ்ந்துவிடும். அந்தப் படகின் பார் எது என்று நார்வேயில் இருக்கிறவனுக்கும் தெரியும், அடுத்த வீட்டுக்காரனுக்கும் தெரியும். கசில்டா ஒயர்லெஸை எடுத்தாள்.

“எல்லாரும் கேளுங்க. சங்கத்துல இருந்து கசில்டா பேசுதேன். சம்மனசு காட்டுன எடத்துல இல்ல. செவப்பு வட்டமும் சரியான எடத்துல விழல. ரெண்டுக்கும் நான் எழுதுன தள்ளல்தான் காரணம். தப்பு எம் மேல. இப்ப எல்லாரும் அதை நிறுத்தணும். நிறுத்துனா உங்க பாரு ஊருக்கே தெரிஞ்சுபோவும். தெரிஞ்சாத்தான் மூணு பேரையும் எடுக்க முடியும்.”

முப்பது புள்ளியும் திரையில் பழைய இடத்திலேயே நின்றன. முப்பது பேரும் கல்நெஞ்சக்காரர்கள் இல்லை. இனிகோவோடு சேர்ந்து வளர்ந்தவர்கள், அவனுக்காகக் கடலில் குதிக்கச் சொன்னால் யோசிக்காமல் குதிப்பார்கள். உயிரைக் கொடுப்பது அவர்களுக்குப் பழக்கமான காரியம். பாரைக் கொடுத்துத்தான் பழக்கமில்லை.

“எங்கப்பன் சொன்னதை எம் மவனுக்கே இன்னும் சொல்லல,” என்றது தொம்மையின் குரல். பிறகு சொன்னது: “நிறுத்திட்டேன் பிள்ள. பாத்துக்கோ.”

திரையில் தொம்மையின் புள்ளி விசுக்கென்று தெற்கே குதித்தது. பின்னாலேயே இன்னொன்று வடக்கே குதித்தது. பிறகு மளமளவென்று ஆளுக்கொரு திசையாகக் குதித்தன. ஐந்து நிமிடத்தில் முப்பது புள்ளியும் தத்தம் இடத்துக்கு வந்து சேர்ந்தன. கலங்கிக்கிடந்த கடல் மூன்று மாதத்தில் முதல்முறையாகத் திரையில் தெளிந்தது. சிக்ரித்திடமிருந்து ஓர் இடம் வந்தது. பறவை திரும்பிப் பறந்தது. தென்மேற்கில், நுரைக்கு நடுவே, கவிழ்ந்த சம்மனசின் முதுகில் மூன்று பேர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவனுக்குக் கால் முறிந்திருந்தது. இனிகோ கயிற்றைத் தன் கையில் சுற்றி மற்ற இருவரையும் பிடித்துவைத்திருந்தான், கயிறு அவன் மணிக்கட்டை எலும்புவரை அறுத்திருந்தது.

தொம்மையின் படகுதான் அவர்களை ஏற்றிக்கொண்டு வந்தது. கசில்டா இடுப்பளவு தண்ணீரில் இறங்கி நின்றாள். இனிகோவைப் பார்த்ததும் அவள் சொல்ல நினைத்ததெல்லாம் மறந்துபோய், ஈரச்சட்டையைக் கொத்தாகப் பிடித்துக்கொண்டு அழுதாள். அவனும் அழுதான். கடற்கரையில் எல்லாரும் அழுதார்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

மறுநாள் அவள் சங்கத்தில் தனியாக உட்கார்ந்து பொதுப் பதிவேட்டைத் திறந்தாள். மூன்று மாதத்துக்கு முன்பே எழுதியிருக்க வேண்டியதை எழுதினாள். ஏழு வரியையும் அப்படியே போட்டாள். எதற்காக எழுதினாள், ஏன் மறைத்தாள், என்ன நடந்தது என்று ஒன்றுவிடாமல் சொன்னாள். கீழே ‘பொறுப்பு’ என்ற கட்டத்தில் சங்கத்தின் பெயரைப் போடலாமா என்று ஒரு நிமிடம் கை தயங்கியது. தன் பெயரையே போட்டாள். அறுபத்தெட்டுப் படகையும் விலக்கிவைப்பார்கள், இனி யாரும் தன்னிடம் பேசமாட்டார்கள் என்றுதான் நினைத்தாள்.

முதல் பதில் சிக்ரித்தினுடையது.

“அன்புடைய கசில்டா அம்மையாருக்கு. தங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். எங்கள் கிராமத்துப் படகுகளும் மூன்று மைல் தள்ளியே காட்டுகின்றன. என் தம்பியின் பொருட்டு நானே அதை எழுதினேன். பதினைந்து ஆண்டுகள் ஆயின. ‘எங்கள் கடல் அப்படித்தான்’ என்று தாங்கள் எழுதியபோதே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். எனக்கு முன்பிருந்த பராமரிப்பாளருக்கு நானும் அதே சொற்களையே எழுதினேன்.”

அதற்குப் பிறகு மடை திறந்துகொண்டது. சிலி எழுதியது, இலங்கை எழுதியது, ஜப்பானின் இரண்டு கரைகள் தனித்தனியாக எழுதின. ஒரு மைல், இரண்டு மைல், ஒரு கரையில் ஐந்து மைல். ஒரு வாரத்தில் நூற்றெழுபது கரைகள் ஒப்புக்கொண்டன. ஒவ்வொருவரும் தாங்கள் மட்டும்தான் கொஞ்சம் பொய் சொல்கிறோம், மற்றவர்களின் உண்மை அதைத் தாங்கிக்கொள்ளும் என்று நம்பியிருந்தார்கள். எந்த நிபுணராலும் குறைக்க முடியாத அந்த இரண்டு மைல் பிழைக்குக் கடல் காரணமே இல்லை. கையேட்டில் ‘கடலின் இயல்பு’ என்றிருப்பதை ‘மீனவரின் இயல்பு’ என்று மாற்றினால் போதும், வேறு திருத்தம் வேண்டாம் என்று பிரேசில்காரர் ஒருவர் கேலியாக எழுதினார். கேலி என்று பாராமல் சிக்ரித் அப்படியே மாற்றிவிட்டாள்.

மிக்கேல்துறையில் வேறொரு கூத்து நடந்தது. அவிழ்ந்த மூன்று மாதப் பதிவை ஊர் ஆண்கள் சங்கத்துத் திரையில் வாய் பிளந்து பார்த்தார்கள். தொம்மையின் பாரும் இனிகோவின் பாரும் ஒன்று. அதே பாருக்கு இன்னும் ஒன்பது குடும்பம் போய்வந்துகொண்டிருந்தது. திங்களன்று ஒருவன், செவ்வாயன்று இன்னொருவன். எதிரே படகு வந்தால் பீடியைப் பற்றவைத்துக்கொண்டு தாண்டிப் போனவர்கள் எல்லாரும் அங்கேதான் போய்க்கொண்டிருந்தார்கள். மூன்று தலைமுறையாகப் பதினோரு அப்பன்மார் பதினோரு மகன்களின் காதில் ஒரே இடத்தைச் சொல்லிவிட்டுச் செத்திருக்கிறார்கள். தொம்மை வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துவிட்டார். சிரிக்கிறாரா அழுகிறாரா என்று தெரியவில்லை.

அடுத்த மாதம் தீனதயாளன் வந்தார். மழை இல்லை, ஆனாலும் முகம் நனைந்த மாதிரி இருந்தது. நீலவாணியின் மூளையும் பல வருடமாகப் பொதுச்செவியின் பதிவுகளைச் சத்தமில்லாமல் எடுத்துச் சேர்த்துத்தான் கணித்துவந்ததாம். யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இருந்ததால் எடுத்துக்கொண்டார்களாம். இப்போது கரைக்குக் கரை புள்ளிகள் குதிப்பதில் அவர்கள் கணிப்பு ஆட்டம் கண்டுவிட்டது. எல்லாத் திருத்தமும் எப்போது முடியும் என்று மேலிடத்தில் கேட்கிறார்களாம்.

“யார்கிட்ட பேசணும்னே தெரியல மேடம்,” என்றார்.

கசில்டா அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டாள். “எங்கிட்டத்தான். உக்காருங்க, டீ சொல்லுதேன்,” என்றாள். சட்டையைப் பற்றி இருவருமே பேசவில்லை.

இனிகோவின் மணிக்கட்டு ஆற இரண்டு மாதம் ஆயிற்று. மறுபடி கடலுக்குப் புறப்பட்ட திங்கட்கிழமை காலையில் கசில்டாவும் கரைக்கு வந்தாள். பழுதுபார்த்து வண்ணம் பூசிய சம்மனசு தண்ணீரில் ஆடிக்கொண்டிருந்தது. இனிகோ ஒரு காலைப் படகில் வைத்தவன் நின்றான். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு அவள் பக்கம் குனிந்தான்.

“ஏட்டி, எனக்கு வேற ஒரு பாரு தெரியும். நெசமாவே ஒருத்தனுக்கும் தெரியாது. ஒரு அரை மைலு... அரை மைலு மட்டும் தள்ளி வைக்க முடியாதா?”

கசில்டா அவன் மணிக்கட்டைப் பார்த்தாள். தழும்பு இன்னும் சிவப்பாகவே இருந்தது. கோபம் வரவேண்டிய இடத்தில் அவளுக்குக் கோபம் வரவில்லை. சிரிப்புத்தான் வந்தது. ஏனென்றால் அவன் கேட்டதைப்போலவே அந்த நேரத்தில் இருநூறு கரைகளில் இருநூறு பேர் யாரோ ஒருத்தியிடம் கேட்டுக்கொண்டிருப்பார்கள் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

“முடியும். ஏழு வரிதான்,” என்றாள். “ஆனா எழுதுனா பதிவேட்டுல எழுதித்தான் செய்வேன். எதுக்குன்னும் எழுதுவேன். உங்க பேரும் போடுவேன்.”

இனிகோ தலையைச் சொறிந்துகொண்டு படகில் ஏறினான். அவள் சங்கத்துக்கு வந்து திரை முன்னால் உட்கார்ந்தாள். சம்மனசின் புள்ளி வழக்கமான பாரைத் தாண்டி, யாரும் போகாத தென்கிழக்கு மூலைக்குத் திரும்பி, அங்கே நின்றது. எவருக்கும் தெரியாத அந்த இடத்தை உள்ளது உள்ளபடி காட்டிக்கொண்டு நின்றது. கசில்டா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கால்மணி நேரம் கழித்துத் தொம்மையின் புள்ளி மெதுவாக அந்தப் பக்கம் திரும்பியது. அதன் பின்னால் இன்னும் ஒன்பது புள்ளிகள் திரும்பின.